பூஞ்சேரியில் எழுநூறு பலகைகள்

செங்கல்பட்டு ரயில் நிலையத்தை ஒட்டியே கொளவாய் ஏரி கிடக்கிறது. மழைக்காலம் முடிந்த மாதங்களில் நடைமேடையில் நின்றபடியே நீர்க்கோழிகளைப் பார்க்கலாம். மாமல்லபுரம் போகிறவர்கள் பெரும்பாலும் சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையைப் பிடித்து விடுவதால் இந்த வழி கூட்டமில்லாமல் இருக்கிறது. சுமார் 30 கிலோமீட்டர்தான். நடுவில் திருக்கழுக்குன்றம். வேதகிரீஸ்வரர் மலை சாலையில் வருகிறவருக்குத் தொலைவிலேயே தெரிந்து, ஊரைக் கடந்த பிறகும் வெகுநேரம் முதுகுக்குப் பின்னால் நிற்கும். அதன் பிறகு வயல், ஏரிக்கரை, பனைமரம், வீட்டுமனை விளம்பரப் பலகை என்று மாறி மாறி வந்து, பூஞ்சேரி கூட்டுச்சாலையில் கடல்காற்று தொடங்குகிறது.

இந்த வழியில் ஓடும் பேருந்தின் பின்னிருக்கைகளில் மாலை வேளைகளில் கல்லூரிப் பையன்கள் நிறைந்திருப்பார்கள். பாதிப் பேர் கையிலும் ஏதாவது ஓர் ஆட்டம் ஓடிக்கொண்டிருக்கும். சிலருக்குத் துப்பாக்கி, சிலருக்குக் கோட்டை, சிலருக்குச் சதுரங்கம். அங்கே கேட்கும் பேச்சு இந்த மாதிரி இருக்கும்:

“மச்சி, இவனுக்கு 900 ரேட்டிங்தான் காட்டுது. ஆனா பத்து மூவ்ல ராணியத் தூக்கிட்டான்டா.”

“புது அக்கவுண்ட்டா இருக்கும்டா. பழைய ஆளு. ரிப்போர்ட் அடிச்சிட்டு அடுத்த கேம் போ.”

பழைய ஆள் புது முகமூடியில் வருவது ஆன்லைன் வியூக ஆட்டங்களின் ஆரம்ப நாளிலிருந்தே உள்ள வியாதி. 1996 வாக்கில் ‘வார்கிராஃப்ட் 2’ ஆட்டத்தை இணையத்தில் ஆடிய இரண்டு வல்லவர்களுக்கு ஒரு சங்கடம் வந்தது. அவர்களுடைய பெயரைத் திரையில் பார்த்ததுமே எதிராளிகள் ஓடிவிட்டார்கள். ஆடுவதற்கு ஆள் கிடைக்கவில்லை. எனவே கார்ட்டூன் கதாபாத்திரங்களான ‘பாப்பா ஸ்மர்ஃப்’, ‘ஸ்மர்ஃபெட்’ என்ற பெயர்களில் நுழைந்து, கற்றுக்குட்டிகளைப் போல் நடித்து, பிறகு எதிரியைத் துவைத்துக் காயப்போட்டார்கள். இன்று உலகம் முழுக்க இந்த வேலைக்கு ஸ்மர்ஃபிங் என்றே பெயர்.

முகமூடி இல்லாவிட்டாலும் இடைவெளி பெரிதுதான். 1999-இல் வெளிவந்த ‘ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2’ இன்னும் ஆடப்படுகிறது. கால் நூற்றாண்டாக அதே கோட்டையைக் கட்டிக்கொண்டிருக்கும் ஆட்கள் அதில் இருக்கிறார்கள். 2019-இல் வந்த புதிய பதிப்பில் தரவரிசை ஆட்டத்துக்குள் வருகிற எல்லோருக்கும் தொடக்கப் புள்ளி 1000. நேற்று விளையாடத் தொடங்கியவனுக்கும் அதேதான். அவனுடைய உண்மையான இடத்துக்குப் புள்ளி இறங்கும்வரை அவன் வரிசையாகத் தோற்க வேண்டும். அந்த முதல் வாரத்திலேயே பலர் ஆட்டத்தை அழித்துவிட்டுப் போய்விடுகிறார்கள். கற்றுக்கொடுக்க ஆளில்லாத இடத்தில் தோல்வி வெறும் தோல்வியாகவே மிஞ்சுகிறது.

இதே இடைவெளியை ஒளிக்காமல், ஒரே கூரையின் கீழ் மேசை போட்டு உட்கார வைத்த இடம் பூஞ்சேரி.

கூட்டுச்சாலைக்கு அருகில் இருக்கும் நட்சத்திர விடுதி வளாகத்தில்தான் 2022-இல் 44-ஆவது செஸ் ஒலிம்பியாட் நடந்தது. ரஷ்யாவில் நடக்க வேண்டிய போட்டி அது. உக்ரைன் போரால் பிப்ரவரியில் அங்கிருந்து பறிக்கப்பட்டு, மார்ச்சில் தமிழ்நாட்டுக்கு வந்தது. ஏற்பாட்டுக்குக் கிடைத்தது நான்கு மாதத்துக்குச் சற்று மேல். ஜூலை 28 அன்று சென்னை நேரு உள்விளையாட்டரங்கில் தொடக்க விழா. மறுநாள் பிற்பகல் 3 மணிக்கு இங்கே முதல் சுற்று. பொதுப் பிரிவில் 188 அணிகள், பெண்கள் பிரிவில் 162 அணிகள். அணிக்கு நான்கு பேர் ஆட, ஒருவர் மாற்று வீரர். எல்லா அணிகளும் ஒரே நேரத்தில் உட்கார்ந்தால் எழுநூறு பலகைகள். வேட்டி கட்டிய குதிரை ‘தம்பி’ வணக்கம் சொல்லிக்கொண்டு கிழக்குக் கடற்கரைச் சாலை நெடுக நின்றான். நேப்பியர் பாலத்துக்குக் கறுப்பு வெள்ளைக் கட்டம் அடித்ததைப் பற்றி ஊரெல்லாம் பேசியது. பூஞ்சேரிக்காரர்கள் அதிகம் பேசியது தெருவிளக்கையும் புதிதாகப் போட்ட சாலையையும் பற்றித்தான் இருந்திருக்கும்.

முதல் சுற்றின் முறை கொஞ்சம் இரக்கமில்லாதது. சுவிஸ் முறை என்று அதற்குப் பெயர். 1895-இல் ஜூரிக் நகரப் போட்டி ஒன்றில் முதன்முதலாகப் பயன்பட்டது. தரவரிசைப் பட்டியலை நடுவில் இரண்டாக வெட்டி, மேல்பாதியின் முதல் அணியைக் கீழ்பாதியின் முதல் அணியோடு மோதவிடுவார்கள். வலுவான அணிக்கு அன்று நோஞ்சான் எதிரிதான் கிடைக்கும். போட்டி நடத்தும் நாடு என்பதால் இந்தியாவுக்குப் பொதுப் பிரிவிலும் பெண்கள் பிரிவிலும் மும்மூன்று அணிகள். ஜிம்பாப்வே, ஐக்கிய அரபு அமீரகம், தெற்கு சூடான் என்று எதிரே வந்தவர்கள் எல்லோரும் 0-4 என்று எழுந்து போனார்கள். ஆறு இந்திய அணிகளும் அன்று ஒரு ஆட்டம்கூட விடவில்லை.

மறுநாளிலிருந்து கணக்கு மாறும். வென்றவர் வென்றவரோடு, தோற்றவர் தோற்றவரோடு. பதினோரு சுற்றுக்குள் ஒவ்வொரு அணியும் தன் உயரத்துக்கு ஏற்ற எதிரியைக் கண்டடைந்து விடுகிறது. தெற்கு சூடானிலிருந்து வந்தவர் முதல் நாள் கிராண்ட்மாஸ்டரிடம் அடி வாங்கி, இரண்டாம் நாளே தனக்கு இணையான ஒருவரோடு மூன்று மணி நேரம் மல்லுக்கட்டலாம். ஆன்லைன் தளங்கள் செய்வதும் இந்தப் பொருத்தத்தைத்தான். ஆனால் அந்த முதல் நாள் அடி அங்கே இருக்காது. அது பலருக்கு நிம்மதி, சிலருக்கு நஷ்டம்.

இடைவெளியை அளக்கும் கோல் எல்லோருக்கும் பொது. அர்பாட் எலோ, ஹங்கேரியில் பிறந்து அமெரிக்காவில் இயற்பியல் கற்பித்த பேராசிரியர். அவர் வகுத்த கணக்கை உலக செஸ் கூட்டமைப்பான ஃபிடே 1970-இல் ஏற்றுக்கொண்டது. இருவரின் ரேட்டிங் சமமென்றால் வாய்ப்பு பாதிக்குப் பாதி. 200 புள்ளி வித்தியாசம் இருந்தால் மேலே இருப்பவர் நூறு ஆட்டத்தில் சுமார் 76 புள்ளி எடுப்பார். 400 என்றால் 92. 2400-ஐத் தொட்ட ஒரு மூத்தவர் 400 புள்ளி கீழே இருக்கும் சிறுவனை வென்றால் அவருக்குக் கிடைப்பது ஒரு புள்ளிகூட இல்லை, 0.8 மட்டும். தோற்ற சிறுவன் இழப்பது 3.2. அதே சிறுவன் வென்றுவிட்டால் அவன் கணக்கில் ஒரேயடியாக 36.8 புள்ளி சேரும், பெரியவர் 9.2 இழப்பார். புதியவரின் புள்ளி வேகமாக நகர வேண்டும், பழையவருடையது மெதுவாக நகர வேண்டும் என்பதற்காகப் பெருக்கெண்ணை வேறு வேறாக வைத்திருக்கிறார்கள். வளரும் பிள்ளைகளை நேருக்கு நேர் சந்திக்கப் பழைய ஆட்டக்காரர்கள் ஏன் முகம் சுளிக்கிறார்கள் என்பதற்கு இந்த நான்கு எண்களே போதும்.

பூஞ்சேரியில் அந்த முகச்சுளிப்புக்கு இடமில்லை. பாலஸ்தீனப் பெண்கள் அணியில் எட்டு வயதுச் சிறுமி ஒருத்தி வந்திருந்தாள். போட்டியிலேயே இளையவள் அவள்தான். இந்திய மகளிர் முதல் அணியில் துரோணவல்லி ஹரிகா நிறைமாதக் கர்ப்பிணியாக ஆடினார். நார்வே அணியின் முதல் பலகையில் மாக்னஸ் கார்ல்சன். 2013 நவம்பரில் சென்னையில் ஆனந்திடமிருந்து உலகப் பட்டத்தைப் பறித்தவர், ஒன்பது ஆண்டு கழித்து அதே கடற்கரைக்கு அணி வீரராக வந்திருந்தார். தனிப்பட்ட முறையில் முதல் பலகைக்கான வெண்கலம் பெற்றார். மூன்றாம் தரநிலையில் இருந்த அவருடைய அணி 59-ஆவது இடத்துக்குப் போனது.

அதைவிடச் சுவையான கதை மேல்வரிசையில் நடந்தது. தரவரிசையில் முதலிடம் அமெரிக்காவுக்கு, இரண்டாமிடம் இந்தியாவின் முதல் அணிக்கு. தங்கம் வென்றதோ 14-ஆம் தரநிலையில் இருந்த உஸ்பெகிஸ்தான். வெள்ளி, 12-ஆம் தரநிலையிலிருந்த அர்மேனியாவுக்கு. வெண்கலம், 11-ஆம் தரநிலையில் வைக்கப்பட்ட இந்தியாவின் இரண்டாம் அணிக்கு. ஆர்.பி.ரமேஷ் பயிற்றுவித்த அந்த அணியில் குகேஷ், நிஹால் சரின், பிரக்ஞானந்தா, ரௌனக் சாத்வானி ஆகிய நான்கு பதின்பருவத்தினர், மூத்தவர் அதிபன். எட்டாம் சுற்றில் அவர்கள் அமெரிக்காவை 3-1 என்று மடக்கினார்கள். 16 வயது குகேஷ் ஃபாபியானோ கருவானாவை வீழ்த்தினார். அது அவருக்குத் தொடர்ச்சியான எட்டாவது வெற்றி. பத்தாம் சுற்றில் நல்ல நிலையிலிருந்த ஆட்டத்தை உஸ்பெகிஸ்தானின் முதல் பலகைக்காரர் அப்துசத்தோரோவிடம் கோட்டைவிட்டார். அந்த ஒரு தோல்வி பதக்கத்தின் நிறத்தை மாற்றியது. ஆனாலும் 11-க்கு 9 புள்ளி எடுத்து முதல் பலகையின் தங்கம் அவருக்கே. இரண்டாம் பலகையின் தங்கம் நிஹாலுக்கு.

ரேட்டிங் பட்டியல் ஏன் இப்படித் தவறியது? கொரோனா காலத்தில் நேரடிப் போட்டிகள் ஏறக்குறைய நின்றுவிட்டன. ரேட்டிங் புத்தகத்தில் எண்கள் உறைந்து கிடந்தன, பிள்ளைகள் உறையவில்லை. வீட்டில் உட்கார்ந்து இரவும் பகலும் இணையத்தில் ஆடினார்கள். 2022 பிப்ரவரியில், ஒலிம்பியாட்டுக்கு ஐந்து மாதம் முன்பு, 16 வயது பிரக்ஞானந்தா ‘ஏர்திங்ஸ் மாஸ்டர்ஸ்’ ஆன்லைன் போட்டியில் கார்ல்சனை வென்றார். மே மாதம் இன்னொரு ஆன்லைன் போட்டியில் மறுபடியும். ரேட்டிங் என்பது ஒருவர் நேற்றுவரை ஆடியதன் வரவு செலவு. வளர்கிற வயதில் நேற்றைய கணக்கை நம்பி எதிரே உட்கார்கிறவர் ஏமாந்துதான் போவார். உஸ்பெக் அணியும் இதே கதைதான். அதன் முதல் பலகைக்காரருக்கு அப்போது வயது 17.

இதில் இணையத்தின் பங்கை நல்ல பக்கமாகவும் எழுத வேண்டும். விஸ்வநாதன் ஆனந்த் 2020 டிசம்பரில் வெஸ்ட்பிரிட்ஜ் நிறுவனத்தோடு சேர்ந்து ஒரு பயிற்சித் திட்டம் தொடங்கினார். முதல் ஐந்து பேர்: நிஹால், ரௌனக், குகேஷ், பிரக்ஞானந்தா, அவர் அக்கா வைஷாலி. ஊரடங்கு நாட்களில் பாடமெல்லாம் திரை வழியாக. போரிஸ் கெல்ஃபாண்ட் போன்ற பழம்புலிகளும் கற்பித்தார்கள். அந்த ஐவரும் ஒன்றரை ஆண்டில் பூஞ்சேரியில் இந்தியச் சட்டை போட்டு உட்கார்ந்தார்கள். நால்வர் ஒரே அணியில். ஆனந்த் ஆடவில்லை. அரங்கில் வலம் வந்தார். போட்டி நடந்துகொண்டிருக்கும்போதே ஃபிடேயின் துணைத் தலைவராகத் தேர்வானார். திரை மூத்தவரையும் இளையவரையும் பிரிக்கிறது என்று பொத்தாம் பொதுவாகச் சொல்கிறவர்கள் இந்த ஐந்து பெயர்களுக்குப் பதில் சொல்லட்டும். ஆனால் ஒன்று. அங்கே மூத்தவர் யார், அவர் ஏன் வந்திருக்கிறார் என்பது பிள்ளைகளுக்குத் தெரிந்திருந்தது. பேருந்தில் போன பையனுக்கு அது தெரியவில்லை.

பூஞ்சேரியிலிருந்து பக்கிங்ஹாம் கால்வாயைத் தாண்டினால் மாமல்லபுரம். ஊருக்குள் நுழையும்போதே உளிச்சத்தம். சாலையோரப் பட்டறைகளில் பாதி முடிந்த பிள்ளையார்கள் தூசியோடு நிற்கிறார்கள். சிற்பிகள் இப்போது மின் அரத்தை நிறையவே பயன்படுத்துகிறார்கள் என்றாலும் கண்ணும் மூக்கும் உளிக்குத்தான். அரசு இங்கே 1957-இல் தொடங்கிய சிற்பப் பள்ளி இப்போது கட்டடக்கலை, சிற்பக்கலைக் கல்லூரி. இங்கத்திய கற்சிற்பத்துக்குப் புவிசார் குறியீடும் உண்டு.

அர்ச்சுனன் தபசின் முன் கூட்டம் அலைமோதும். அதைப் பார்த்துவிட்டு, யாரும் நின்று பார்க்காத நிறைவுபெறாத குடைவரைகள் பக்கம் போவது நல்லது. பல்லவர் காலத்துத் தொழில்முறை அங்கேதான் பிடிபடுகிறது. பாறை முகத்தில் ஆழமான கோடுகளை நெடுக்கிலும் குறுக்கிலும் வெட்டி, சதுரம் சதுரமாகப் பிரித்துக்கொண்டு, பிறகு ஒவ்வொரு சதுரத்தையும் தட்டிப் பெயர்த்திருக்கிறார்கள். பெயர்க்காமல் விட்ட சதுரங்கள் இன்னும் துருத்திக்கொண்டு நிற்கின்றன, சதுரங்கப் பலகையைச் சுவரில் சாய்த்து வைத்ததுபோல. சதுரத்தைத் தட்டுகிற கையும் யானையின் காதுமடலைச் செதுக்குகிற கையும் ஒன்றாக இருந்திருக்காது. ஆனால் இரண்டும் ஒரே பாறையில், ஒன்றன் வேலை மற்றதன் கண்ணில் படும் தொலைவில் நடந்திருக்கின்றன.

சென்னைச் சதுரங்கம் வளர்ந்ததும் அப்படித்தான். 1961-இல் இந்தியாவின் முதல் சர்வதேச மாஸ்டரான மானுவல் ஆரன், 1972-இல் சோவியத் கலாச்சார மையத்தில் டால் செஸ் கிளப்பைத் தொடங்கினார். சிறுவன் ஆனந்த் அங்கேதான் போனான். ஐந்து நிமிட பிளிட்ஸ் ஆட்டம். வென்றவர் நாற்காலியில் இருப்பார். தோற்றவர் எழுந்து வரிசையின் வாலுக்குப் போக வேண்டும். பத்து வயசுப் பையன் என்று யாரும் தள்ளுபடி தருவதில்லை. ஆனந்தின் மின்னல் வேகம் அந்த நாற்காலியைத் தக்கவைத்துக்கொள்ளும் அவசரத்தில் வளர்ந்தது என்று ஊகிப்பதில் தவறில்லை. 1988-இல் அவர் நாட்டின் முதல் கிராண்ட்மாஸ்டர்.

கிளப்பில் இன்னொன்றும் கிடைக்கும். ஆட்டம் முடிந்ததும் இருவரும் காய்களைத் திரும்ப அடுக்கி, எங்கே சறுக்கியது என்று பார்ப்பார்கள். ஆட்டக்காரர்கள் அதைப் போஸ்ட்மார்ட்டம் என்பார்கள். “இங்க குதிரைய ஏன் வச்சே தம்பி? யானைய இந்தப் பக்கம் இழுத்திருந்தா எனக்கு வழியே இல்லையே” என்று தோற்கடித்தவரே சொல்லிக் கொடுப்பார். பூஞ்சேரியில் ஆட்டம் முடிந்த பல மேசைகளில் பொது மொழி இல்லாதவர்களும் இதைச் செய்தார்கள். காயைக் காட்டி விரலால் பேசினால் போதும்.

தளங்கள் இந்த இடத்தில் வேறு பாதையில் போயின. 2010-இல் பிரான்ஸின் திபோ துப்ளெஸி தொடங்கிய ‘லிசெஸ்’ இலவசத் தளத்தில் புதியவருக்கு 1500 தருகிறார்கள். ஆனால் கூடவே ஒரு கேள்விக்குறியும். மார்க் கிளிக்மன் என்ற புள்ளியியலாளர் வகுத்த கணக்கு அது: எண்ணோடு, அந்த எண்ணை எவ்வளவு நம்பலாம் என்பதையும் சேர்த்து வைத்திருக்கும். சில ஆட்டங்களிலேயே புதியவர் தன் மட்டத்துக்கு இறங்கிவிடுவார். ஆட்டம் முடிந்ததும், கேட்டால், கணினி எஞ்சின் தவறுகளைக் காட்டும். எங்கே தவறு என்பது தெரிகிறது. ஏன் அந்தத் தவறு தோன்றியது என்பதை எஞ்சினிடம் கேட்க முடியாது. எதிராளியோ ஆட்டம் முடிந்த நொடியில் மறைந்திருப்பார். குகேஷின் பயிற்சியாளர் விஷ்ணு பிரசன்னா, 2500 ரேட்டிங்கைத் தாண்டும்வரை அவரை எஞ்சின் பக்கம் விடவில்லை என்பது செஸ் உலகம் அறிந்த செய்தி. எல்லோருக்கும் அது சரிவருமா என்பது வேறு விஷயம்.

எஞ்சின் ஆசிரியராக இருப்பது ஒரு பக்கம். திருட்டுக்குத் துணையாவது இன்னொரு பக்கம். 2021 ஜூனில் கொரோனா நிவாரணத்துக்காக ஆனந்த் ஒரே நேரத்தில் பல பிரபலங்களோடு ஆன்லைனில் ஆடினார். தொழிலதிபர் நிகில் காமத் அவரை வென்றுவிட்டார். மறுநாளே, கணினியின் உதவியும் மற்றவர்கள் உதவியும் இருந்ததென்று அவரே ஒப்புக்கொண்டு வருத்தம் தெரிவித்தார். வேடிக்கைக்கான நிகழ்ச்சிதான். ஆனால் ஐந்து முறை உலகச் சாம்பியனானவருக்கும் பொழுதுபோக்காக ஆடுகிறவருக்கும் நடுவே உள்ள தூரத்தை ஒரு திறந்த ஜன்னல் அழித்துவிடுகிறது என்பதை நாடே பார்த்தது. பேருந்துப் பையனின் சந்தேகம் அத்தனை மடத்தனமில்லை. எதிரே இருப்பது பழைய ஆளா, எஞ்சினா, இல்லை தன் கவனக்குறைவா என்று அவனால் பிரித்தறிய முடியாது. ரிப்போர்ட் பொத்தான் ஒன்றுதான் அவன் கையில் இருக்கிறது.

2022-இன் அந்த வெண்கல அணி எங்கே போனது என்பது தெரிந்ததே. 2024 செப்டம்பரில் புடாபெஸ்ட் ஒலிம்பியாட்டில் இந்தியா பொதுப் பிரிவிலும் பெண்கள் பிரிவிலும் தங்கம் வென்றது. டிசம்பரில் குகேஷ் 18 வயதில் உலகச் சாம்பியன். சென்னையில் 2023 முதல் ‘கிராண்ட்மாஸ்டர்ஸ்’ போட்டி நடக்கிறது. உலகத் தரமான போட்டி, அழைக்கப்பட்டவர்களுக்கு மட்டும்.

உச்சியைக் கவனித்தாகிவிட்டது. செங்கல்பட்டிலும் திருக்கழுக்குன்றத்திலும் போனில் ஆடும் பிள்ளைக்குத் தேவைப்படுவது வேறு. ரேட்டிங் இல்லாதவரும் பெயர் கொடுக்கக்கூடிய, முதல் சுற்றில் ஒரு சர்வதேச மாஸ்டர் எதிரே உட்காரக்கூடிய, நுழைவுக் கட்டணம் பையனின் பேருந்துக் காசைத் தாண்டாத திறந்த போட்டி ஒன்று ஆண்டுதோறும் மாமல்லபுரத்தில் நடக்க வேண்டும். ஆட்டம் முடிந்ததும் கால் மணி நேரம் இருவரும் பலகையை விட்டு எழக்கூடாது என்பதை விதியாகவே வைக்கலாம். தம்பியின் பொம்மைகளுக்குச் செலவழித்த அரசுக்கு இது பெரிய செலவில்லை. மாவட்ட நிர்வாகமும் மாநிலச் சதுரங்கக் கழகமும் அடுத்த கோடை விடுமுறைக்குள் இதைத் தொடங்கி வைக்கட்டும்.